எழுத்தால் கட்டிய ஊரில் காதால் நடப்பது

"பதினெட்டு நட்சத்திரம். சாய்கோடு. சாய்கோடு. ஆறு சமன். நட்சத்திரம். சாய்கோடு…"

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடி வீட்டில் ஒரு லேப்டொப் இப்படித்தான் பேசத் தொடங்கியது. அதன் முன்னால் இருந்த தம்பிக்குப் பத்தொன்பது வயது. பார்வை போய் இரண்டு வருடம். அரை நிமிடம் பொறுத்துப் பார்த்தவன், என் குரல் வரும் பக்கம் திரும்பி, "அண்ணா, ஒண்டும் விளங்கேல்லை. ஆரோ கணக்குச் சொல்லி ஏசுற மாதிரிக் கிடக்கு" என்றான். அவனுடைய அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அது கோட்டைப் படமடா" என்றா.

விளையாட்டின் வாசலில் யாரோ நட்சத்திரத்தையும் சாய்கோட்டையும் அடுக்கி ஒரு கோட்டையை வரைந்து வைத்திருக்கிறார்கள். கண் உள்ளவர் அதை ஒரு நொடியில் கடந்துவிடுவார். காது அப்படிக் கடக்க முடியாது. வந்த ஒவ்வொரு குறியையும் வரிசையில் நின்று வாங்க வேண்டும்.

எனக்கும் பார்வை இல்லை. எழுத்து விளையாட்டுகளைப் பல வருடமாக விளையாடுகிறேன். புதிதாக வருபவர்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். விளையாட்டு கடினம் என்று சொல்லி விட்டுப்போனவர்களை நான் அதிகம் காணவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் காதில் கொட்டிய சத்தம் தாங்காமல் விட்டுப்போனவர்கள்தான் அதிகம். ஆகவே உதவி என்பது, என்னைக் கேட்டால், முதலில் சத்தத்தைக் குறைப்பது. அதற்குப் பிறகுதான் விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பது.

இவை என்ன விளையாட்டுகள் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுவாக 'மட்' என்று அழைக்கப்படும் இவற்றில் படமே இல்லை. 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் முதலாவது மட்டை எழுதத் தொடங்கினார். 1980 இல் ரிச்சர்ட் பார்ட்டில் அதைக் கையேற்று வளர்த்தார். அதற்கு முன்பே, 1970களின் நடுப்பகுதியில், வில் க்ரௌதர் குகைக்குள் அலையும் ஓர் எழுத்து விளையாட்டை எழுதியிருந்தார். ஆனால் அந்தக் குகைக்குள் ஆள் தனியே போய்த் தனியே வரவேண்டும். மட் கொண்டுவந்த புதுமை, பல பேர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை ஊருக்குள் நுழையலாம் என்பது. 1990களின் தொடக்கத்தில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் டிக்குமட் என்ற நிரலை வெளியிட, அதை அடித்தளமாக வைத்து உலகெங்கும் ஏராளமான ஊர்கள் முளைத்தன. 1995 இல் தொடங்கிய ஆல்டர் ஏயோன், 1997 இல் வந்த அக்கேயா போன்றவை இன்றும் ஓடுகின்றன. விழிப்புலனற்ற ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் கூடும் இடம் என்று ஆல்டர் ஏயோனுக்குப் பெயர் உண்டு. அக்கேயாவில், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பாவிப்பவருக்கென்றே தனி அமைப்பு இருக்கிறது.

விளையாடும் முறை எளிது. நீங்கள் நிற்கும் இடத்தை விளையாட்டு ஒரு பந்தியில் விவரிக்கும். எந்தெந்தத் திசையில் வழி இருக்கிறது, யார் நிற்கிறார்கள், என்ன பொருள் கிடக்கிறது என்று சொல்லும். நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டச்சுச் செய்து என்டர் அமத்த வேண்டும். வடக்கே போக 'என்' என்ற ஆங்கில எழுத்து. சுற்றிப் பார்க்க 'லுக்'. அதற்குப் பதில் இன்னொரு பந்தி. பக்கத்தில் நிற்பவர் பிரேசிலில் இருப்பவராக இருக்கலாம், மொரட்டுவையில் இருப்பவராகவும் இருக்கலாம். அவருக்குத் திரையில் வரும் அதே எழுத்துத்தான் எங்களுக்குக் காதில் வருகிறது. நான் பார்வையற்றவன் என்று நானாகச் சொன்னால் ஒழிய அங்கே யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் நான் சொல்வதில்லை. வீதியில் இறங்கினால் வெள்ளைப்பிரம்பு எனக்கு முன்னால் போய் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறது. சொல்லாமல் இருக்கும் உரிமை கிடைக்கிற ஓர் இடம் வேண்டும் என்பதை, எப்போதும் பார்க்கப்படுகிற ஒருவரிடம் கேட்டால் தெரியும்.

செலவும் மிகக் குறைவு. ஓர் அறையின் வர்ணனை ஐந்நூறு அறுநூறு எழுத்து. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். வாட்ஸ்அப்பில் வரும் 2 மெகாபைட் போட்டோ ஒன்றின் இடத்தில் மூவாயிரம் அறைகளுக்கு மேல் அடங்கும். 2022 இல் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், போன் டேட்டாவையும் லேப்டொப் பற்றரியையும் வைத்துக்கொண்டு நான் விளையாடியிருக்கிறேன். திரையை முழுதாக அணைத்துவிடலாம் என்பதால் பற்றரியும் கூட நேரம் நின்றது.

நுழைவதிலும் ஒரு நிம்மதி உண்டு. சில இணையத்தளங்கள் வாசலிலேயே ஒரு படத்தைக் காட்டி, அதில் உள்ள எழுத்தைச் சொல் என்று எங்களை மறிக்கும். மட்டில் பெயரும் கடவுச்சொல்லும் தட்டச்சுச் செய்தால் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. பல மட்கள் இன்னும் டெல்நெட் என்ற பழைய முறையிலேயே இயங்குகின்றன. அதில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே வழியெல்லாம் போகும். மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ வைத்திருக்கும் கடவுச்சொல்லை இங்கே வைக்கவே கூடாது. இதைப் புதியவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

திரைவாசிப்பானைப் பற்றியும் கொஞ்சம். திரையில் உள்ள எழுத்தை எடுத்துக் குரலாக்கும் மென்பொருள் அது. ஜோஸ் என்பது 1989 இல், பார்வையிழந்த டெட் ஹென்டர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து டொஸ் இயங்குதளத்துக்கு வந்தது; இன்றும் நல்ல மென்பொருள்தான், ஆனால் விலை நூற்றுக்கணக்கான டொலர். என்விடிஏயை 2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். அது இலவசம், திறந்த மூலம், தமிழ் இடைமுகமும் உண்டு. இலங்கைச் சம்பளத்தில் வாழ்பவருக்கு நான் எப்போதும் என்விடிஏயைத்தான் போட்டுக்கொடுப்பேன். ஆகவே இனிச் சொல்லும் விசைகள் எல்லாம் அதற்குரியவை.

அந்தத் தம்பியின் லேப்டொப்புக்கு வருவோம். முதலில் செய்தது, நிறுத்தற்குறி வாசிப்பைக் குறைத்தது. இன்சர்ட் விசையை அமத்திக்கொண்டு 'பி' எழுத்தை அமத்தினால், சில, பெரும்பாலானவை, எல்லாம், எதுவுமில்லை என்று நிலை மாறிக்கொண்டு போகும். 'எதுவுமில்லை' என்று வந்ததும் கோட்டை மௌனமானது. நட்சத்திரமும் சாய்கோடும் மறைந்து, அவற்றுக்கு அடியில் புதைந்து கிடந்த ஒரு வரி மேலே வந்தது: உங்கள் பெயர் என்ன? "இப்பதான் கதைக்குது" என்றான்.

இரண்டாவது, குரல். அவன் தமிழ்க் குரலில் பழகியவன். விளையாட்டோ முழுக்க ஆங்கிலம். ஈஸ்பீக் தமிழ்க் குரல் ஆங்கில எழுத்து வந்தால் ஆங்கில உச்சரிப்புக்குத் தாவிவிடும்; ஆனாலும் ஆங்கிலப் பந்திகளை மணிக்கணக்கில் கேட்க அது சுகமாக இருப்பதில்லை. விண்டோஸில் உள்ள வள்ளுவர் குரல் தமிழை நன்றாக வாசிக்கும். ஆனால் அதிலும் ஆங்கிலக் கதை கேட்க நான் யாரையும் விடமாட்டேன். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. என்விடிஏயில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி அமைப்புத் தொகுப்பு வைக்கலாம். விளையாட்டு மென்பொருளைத் திறந்தால் ஆங்கிலக் குரல், நிறுத்தற்குறி இல்லாமல். அதை விட்டு வெளியே வந்தால் தானாகவே பழைய தமிழ்க் குரல். ஒரு தடவை செய்து வைத்தால் பிறகு அதைத் தொடத் தேவையில்லை.

மூன்றாவது, வெட்டு. நாம் ஒரு விசையை அமத்தியதும் என்விடிஏ பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடும். அதன் இயல்பான அமைப்பு அதுதான். கடிதம் எழுதும்போது நல்லது. விளையாட்டில், பந்தி முடியுமுன் ஆவலில் ஓர் எழுத்தை அமத்திவிட்டால் மீதி போய்விடும். போனது எது என்று புதியவருக்குத் தெரியவும் தெரியாது. வழி தவறுகிறான், ஏன் என்று விளங்காது. எழுத்து விசைகள் பேச்சை வெட்டாதபடி விசைப்பலகை அமைப்பில் மாற்றிவிடுவேன். என்டர் வெட்டுவதை மட்டும் விட்டுவைப்பேன், கட்டளை அனுப்பியதும் பழைய பேச்சு நிற்க அது தேவைப்படும். அமைதி வேண்டுமென்றால் கன்ட்ரோல் விசை. முதல் நாளில் ஒரே ஒரு விசையை மட்டும் மனப்பாடமாக்கு என்றால், நான் சொல்வது கன்ட்ரோலைத்தான். பேச்சை நிறுத்தத் தெரிந்தவருக்குப் பயம் பாதி குறைந்துவிடும்.

விளையாட்டை எதில் திறப்பது என்பது இன்னொரு கேள்வி. இணைய உலாவியிலேயே பல மட்கள் திறக்கும். ஆனால் புதிதாக வந்த வரியைத் திரைவாசிப்பானுக்குத் தானாக அறிவிக்கும்படி அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்து வந்துகொண்டே இருக்கும், காதில் ஒன்றும் விழாது. அதற்கென்று உள்ள மென்பொருள்களே மேல். அவுஸ்திரேலியரான நிக் கம்மன் எழுதிய மஷ்கிளையன்ட் இலவசம். தானாகப் பேசாது, பேச வைக்கும் செருகு நிரலைச் சேர்க்க வேண்டும். மட்லெட்டின் அண்மைய பதிப்புகள் திரைவாசிப்பானோடு தாமாகவே ஒத்துப்போகின்றன. போனில் விளையாட விரும்புபவர்களுக்கும் செயலிகள் உண்டு. ஆனால் அண்ட்ரொய்ட் போனின் திரைவாசிப்பானான டோக்பாக்கோடு தொடுதிரையில் கட்டளை அடிப்பது மெதுவாகத்தான் போகும். ஓர் ஓடிஜி வயரும் சாதாரண விசைப்பலகையும் இருந்தால் அந்தச் சிரமம் போய்விடும்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய பிரச்சினை: சண்டை. சண்டை தொடங்கினால் வினாடிக்கு மூன்று நான்கு வரி வரும். நீ அடித்தாய், அவன் தடுத்தான், அடி பட்டது, படவில்லை, உன் உயிர் இவ்வளவு, மாய சக்தி இவ்வளவு, நடக்கும் சக்தி இவ்வளவு. ஒரு வரியை வாசிக்க மூன்று வினாடி என்று வைத்துக்கொண்டால், பத்து வினாடிச் சண்டையைக் கேட்டு முடிக்க ஒன்றரை நிமிடமாவது வேண்டும். ஓநாய் கொன்று முடித்து ஒரு நிமிடம் கழித்துத்தான் 'உன் உயிர் குறைகிறது' என்ற செய்தி வந்து சேரும். புதியவர்கள் இதைத் தங்கள் மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது தாங்காது. அவர்களில் ஒரு குறையும் இல்லை. கண்ணுக்கு என்று அடுக்கிய செய்தியை அப்படியே காதுக்குத் தள்ளியதில்தான் குறை.

தீர்வு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று விளையாட்டுக்கு உள்ளே. பல மட்களில் வர்ணனையைச் சுருக்கவும், வரைபடத்தை அணைக்கவும், அடுத்தவர்களின் சண்டை வரிகளை மறைக்கவும், பொதுக் கதைப்பு அலைவரிசைகளை மூடவும் கட்டளைகள் உண்டு. உயிர், மாயம், நடை என்று ஒவ்வொரு தரமும் வாலில் வரும் அந்தக் கணக்கு வரியை மாற்றி எழுதலாம். உயிரை மட்டும் வைத்துவிட்டு மீதியை எடுத்துவிடுங்கள். கதைப்பு அலைவரிசைகளில் புதியவர்களுக்கான ஒன்றை மட்டும் திறந்து வைப்பேன். உதவி கேட்க ஒரு வாசல் வேண்டும் அல்லவா.

மற்றது மென்பொருளில். குறிப்பிட்ட சொற்கள் உள்ள வரி வந்தால் அதை வாசிக்காதே என்றோ, அதற்குப் பதில் ஒரு சத்தம் போடு என்றோ நிரலுக்குச் சொல்லிவைக்கலாம். அடி பட்டால் ஒரு 'டொக்', தவறினால் ஒரு 'விஷ்', உயிர் மூன்றில் ஒன்றுக்குக் கீழே போனால் ஒரு மணி. மூன்று வினாடி வரி கால் வினாடிச் சத்தமாகிவிடும். சில மட்களுக்கு ஆட்டக்காரர்களே இப்படிச் சத்தத் தொகுப்புகள் செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆல்டர் ஏயோனுக்கு நல்லதொன்று உண்டு. ஆனால் முதல் நாளே முழுத் தொகுப்பையும் போட்டுவிடாதீர்கள். எந்தச் சத்தம் எதற்கு என்று தெரியாதவருக்கு அது இன்னொரு கோட்டைப் படம். மணிச் சத்தம் ஒன்று போதும். பிறகு வாரத்துக்கு ஒன்று இரண்டாகச் சேர்க்கலாம்.

தம்பிக்கு வந்த அடுத்த தடங்கலை நான் எதிர்பார்க்கவில்லை. நிலத்தில் ஒரு வாள் கிடந்தது. குரல் 'சோர்ட்' என்றது. எடு என்ற கட்டளையை அடித்து, எஸ், ஓ, ஆர், டி என்று அடித்தான். அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்றது விளையாட்டு. மறுபடி அடித்தான். மறுபடியும் இல்லை. மூன்றாம் தரம் விசைகளைக் கொஞ்சம் பலமாக அமத்தினான். அந்தச் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

காதால் மட்டும் ஆங்கிலம் படிப்பவருக்கு அதில் ஒரு டபிள்யூ ஒளிந்திருப்பது எப்படித் தெரியும்? கத்திக்கு முன்னால் நிற்கும் கே யாருக்குக் கேட்கும்? சிறு வயதிலிருந்து பிரெய்ல் படித்தவர்கள் சொல்லை விரலால் தொட்டிருப்பார்கள். இடையில் பார்வை போனவர்கள் பலர் பிரெய்ல் பக்கமே போவதில்லை. எண்பலகையில் 5 ஐ விரைவாக இரண்டு தரம் அமத்தினால் என்விடிஏ அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும். அவன் அமத்தினான். "எஸ், டபிள்யூ…" என்று வந்ததும், "ஓ, இதுக்குள்ள டபிள்யூ இருக்கா!" என்று சிரித்தான். எண்பலகை இல்லாத லேப்டொப்பில் விசை வேறு. அதைத் தனியாகக் காட்டிக்கொடுக்க வேண்டும். பல மட்களில் சொல்லின் முதல் மூன்று எழுத்தே போதும் என்பதையும் அன்று சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அவன் முழுச் சொல்லையும் அடிக்கத்தான் விரும்பினான். சில மாதத்தில் அவனுடைய ஆங்கில எழுத்துக்கூட்டல் திருந்தியதை அக்கா என்னிடம் சொன்னா. அதற்கென்று யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

வழி பழகுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு முன்பழக்கம் உண்டு. வெள்ளைப்பிரம்போடு நடப்பவருக்கு வெள்ளவத்தை ஒரு வரைபடம் அல்ல, ஒரு தொடர்: பஸ் ஹோல்ட், அதிலிருந்து மூன்றாவது ஒழுங்கை, கருவாட்டு வாசனை வரும் கடை, அதைத் தாண்டி இடப்பக்கம். மட்டின் ஊரும் அதே தொடர்தான். இந்த அறை, இந்தத் திசை, அடுத்த அறை. அதனால் முதல் மாலையில் ஐந்து அறைக்கு மேல் போக விடமாட்டேன். போய்த் திரும்பி வரச் சொல்வேன். பிறகு விசையைத் தொடாமல் வழியை வாயால் சொல்லச் சொல்வேன். திசை பிடிபடாதவர்களுக்கு ஒரு தேநீர்த் தட்டில் சோடா மூடிகளை அறைகளாகவும் தீக்குச்சிகளை வழிகளாகவும் அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். விரலால் ஒருமுறை தடவிவிட்டால் ஊர் மனதில் நின்றுவிடும்.

பக்கத்தில் இருந்து உதவும் கண் உள்ளவர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள். அக்காவின் அன்பில் குறையே இல்லை. ஆனால் "இந்தா, இதில அமத்து" என்று தம்பியின் விரலைப் பிடித்து விசையில் வைத்தா. அப்படி வைத்த விரல் எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த தரம் தானாகத் தேட முடியாது. வீதியில் பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, முழங்கையைக் கொடுக்க வேண்டும் என்பார்களே, இங்கேயும் அதேதான். விசையின் பெயரைச் சொல்லுங்கள். 'எஃப்', 'ஜே' விசைகளில் உள்ள மேட்டிலிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது என்று சொல்லுங்கள். 'இது', 'அது', 'அங்க' என்பவை கண்ணுக்கான சொற்கள். இன்னொன்று, திரைவாசிப்பான் பேசும்போது நீங்கள் பேசாதீர்கள். இரண்டு குரல் ஒன்றாக வந்தால் இரண்டுமே போய்விடும். அவசரமென்றால் முதலில் கன்ட்ரோலை அமத்தச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். ஆங்கிலக் குரலின் வேகம் உங்களுக்குப் பிடிபடாவிட்டால், என்விடிஏயின் கருவிகள் பட்டியலில் பேச்சை எழுத்தாகக் காட்டும் ஒரு சாளரம் உண்டு. அதைத் திறந்துவைத்தால் அவர் கேட்பதை நீங்கள் வாசிக்கலாம். முடிந்தால் ஒரு மாலை திரையை அணைத்துவிட்டு நீங்களே விளையாடிப் பாருங்கள். அக்கா பார்த்தா. அதற்குப் பிறகு தம்பியின் விரலை அவ பிடிக்கவில்லை.

விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு, வேலைக்கு உதவுவதைச் சொல்லிக்கொடுக்கலாமே என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியது. அதன் 30 ஆவது உறுப்புரை பண்பாட்டு வாழ்வு, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பங்குபற்றும் உரிமையைப் பற்றியது. படிப்பு, தொழில் என்ற வரிசையில் கடைசியில் ஒட்டவைத்த சலுகை அல்ல அது. பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் வெள்ளி இரவில் நண்பர்களோடு சேர்ந்து எதையாவது செய்ய விரும்புவான். அவன் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் போனில் துப்பாக்கி விளையாட்டு விளையாடும்போது, அவன் மட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தான். அந்த இரண்டு வருடத்தை யாரிடம் கேட்பது?

இனி, தமிழ். இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. எங்களுக்கு விளையாடத் தக்க மட்கள் ஏறக்குறைய எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் வராததால் வாசலிலேயே நின்றுவிடும் தமிழ்ப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். தமிழில் செய்ய முடியாதா என்று கேட்டால், கட்டளையைப் புரிந்துகொள்ளும் நிரலைத் தமிழுக்கு எழுதுவது கஷ்டம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

ஆங்கிலக் கட்டளையில் வினை முதலில் வரும். நிரலும் முதல் சொல்லைத்தான் வினை என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் வினை கடைசியில். 'பெட்டியிலிருந்து சாவியை எடு.' ஆகவே கடைசிச் சொல்லை வினையாக எடு என்று நிரலுக்குச் சொன்னால் போதும். 'சாவியைப் பெட்டியிலிருந்து எடு' என்று மாற்றி அடித்தாலும் பொருள் மாறாது, ஏனென்றால் எது பொருள், எது இடம் என்பதை வேற்றுமை உருபு சொல்லிவிடுகிறது: 'ஐ' வந்தால் எடுக்கப்படும் பொருள், 'இலிருந்து' வந்தால் எடுக்கும் இடம், 'ஆல்' வந்தால் கருவி. ஆங்கில நிரல் இதற்காகச் சொற்களின் வரிசையை நம்பியிருக்க வேண்டும். எங்களுக்கு அது சொல்லின் வாலிலேயே இருக்கிறது.

சிக்கல் சொல் உருமாறும் இடத்தில்தான். மரம் 'மரத்தை' ஆகும், வீடு 'வீட்டை' ஆகும், ஆறு 'ஆற்றை' ஆகும். வாலை மட்டும் வெட்டினால் வேர் கிடைக்காது. சிறிய விளையாட்டு என்றால் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் உருவங்களைக் கையால் பட்டியலிட்டுவிடலாம். பேச்சில் 'சாவிய எடு' என்று அடிப்பவரையும் மறக்கக் கூடாது. வல்லின ஒற்று போட்டாலும் போடாவிட்டாலும் நிரல் ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்னொரு நுட்பம் உண்டு, நிரல் எழுதுபவர்கள் இதில் வழுக்குவார்கள். 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக அல்லது தனித்தனிக் குறிகளாக. திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும், காதிலும் அப்படித்தான். நிரலுக்கு மட்டும் அவை இரண்டு வேறு சொல். உள்ளே வரும் எழுத்தையெல்லாம் முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஆட்டக்காரர் 'கொடி' என்று சரியாக அடித்தும் 'அப்படி ஒன்றும் இல்லை' என்றே பதில் வரும்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது தம்பி, "அப்ப நாங்களே ஒண்டு செய்வமே அண்ணா" என்றான். பைதன் என்ற கணினி நிரல் மொழியில் தொடங்கினோம். நான்கு அறை, ஒரு சாவி, ஒரு நாய். திசைகளுக்கு ஒற்றை எழுத்துச் சுருக்கம் வைக்கும் இடத்தில் மாட்டிக்கொண்டோம். வடக்குக்கு 'வ', தெற்குக்கு 'தெ', கிழக்குக்கு 'கி', எல்லாம் சரி. மேற்குக்கு 'மே' என்றால் மேலே போவதற்கு என்ன வைப்பது?

இது தற்செயல் அல்ல. மேற்கு என்ற சொல்லே 'மேல்' என்பதிலிருந்து வந்தது. கிழக்கு 'கீழ்' என்பதிலிருந்து. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாக இருந்த நிலத்தில் பிறந்த சொற்கள் அவை. இன்றும் நாங்கள் இருப்பது மேல் மாகாணத்தில்தான். ஆனால் வெள்ளவத்தையில் மேற்கே நடந்தால் மேடு எங்கே? ஒழுங்கை கடலுக்கு இறங்குகிறது. தம்பி இதைக் கேட்டு வெகுநேரம் யோசித்தான். பிறகு, திசையை விட்டுவிட்டு வினையை வைப்போம் என்றான். மேலே போக 'ஏறு', கீழே போக 'இறங்கு'. சுருக்கம் 'ஏ', 'இ'. எதோடும் மோதாது, காதுக்கும் வேறு வேறாகக் கேட்கும்.

முதல் அறை அவர்களுடைய ஒழுங்கைதான். அதன் கடைசியில் நின்று 'மே' என்று அடித்தால் வரும் வரியை அவனே எழுதினான்: "முன்னால் ரயில் பாதை. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுக் கடக்கவும்."